தள்ள ஆள் தேடும் நாற்காலி

ஜெஞ்சாரோம் - நன்கொடை நிகழ்ச்சிகளில் மாற்றுத் திறனாளிகளுக்கு அளவு பார்க்காமலே சக்கர நாற்காலி வழங்குவது அடிக்கடி நடக்கிறது. அதன் பின்சக்கரங்கள் சிறியவையாக இருந்தால், அமர்ந்திருப்பவரால் தாமே உருட்ட முடியாது. கழிவறைக்குப் போகவும் தள்ளிவிட ஒருவரை அழைக்க வேண்டும்.

கால் அகற்றப்படுவதற்கு நீரிழிவு ஒரு முக்கியக் காரணம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் மிக அதிகம். ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

தாமே உருட்டிச் செல்லப் பெரிய பின்சக்கரம், வழக்கமாக 24 அங்குலம், தேவை. சிறிய முன்சக்கரம் தோட்டத்துச் சரளைக்கல்லில் சிக்கிக்கொள்ளும். மடக்கும் நாற்காலி காரில் எளிதாக ஏறும். வாங்கும் முன் வீட்டுக் கதவின் அகலத்தையும் அமர்பவரின் இடுப்பளவையும் எடுத்து, மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் ஆலோசனை கேட்பது நல்லது.

பணமில்லை என்று முடங்க வேண்டியதில்லை. சொக்சோ பாதுகாப்பு உள்ள தொழிலாளர்கள் வேலை விபத்தில் ஊனமுற்றால் செயற்கைக் கால், சக்கர நாற்காலிக்கு அங்கேயே விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த மற்றவர்கள் ஓகேயு அட்டையுடன் சமூக நல இலாகாவை நாடலாம்.

கொடுக்க முன்வரும் இயக்கங்களும் படம் எடுப்பதற்கு முன் அளவு எடுக்கட்டும்.