ஊசிக்குள்ளே ஒரு சர்க்கரை!

குன்னூரில் கெமிஸ்ட்ரி படிக்கும் தோழி ஒருவர் கேட்டிருக்கார்: ‘எதிர்ப்பு சக்தியை ஏத்த ஆளாளுக்கு வழி சொல்றாங்க. எனக்கு லூபஸ். இறக்கத்தான் வழி வேணும். இருக்கா?’

லூபஸ்னா, காவலுக்கு நிற்கிற செல்களே சொந்த வீட்டை அடிக்கிற நோய்.

பதிலை உங்க ஊர் சிம்ஸ் பூங்கா பக்கத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம் தோழி. 1907-ல் வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் அங்கேதானே இருக்கு? குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியும் அங்கே தயாரானதுதான். அதுல ரண ஜன்னியைத் தடுக்க டெட்டனஸ் புரதம் ஒண்ணு உண்டு. ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஹிப்னு ஒரு கிருமி. பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் வில்லன். உடம்பெல்லாம் சர்க்கரையாலான கோட்டு! அந்தச் சர்க்கரையை மட்டும் 1985-ல் அமெரிக்காவில் ஊசியாக்கினாங்க. கைக்குழந்தைகளின் உடம்பு கண்டுக்கவே இல்லை. யாருக்கு ரொம்பத் தேவையோ, அவங்களுக்கே பிரயோஜனமில்லை! பிறகு அதே சர்க்கரையைப் புரதத்தோடு கோத்தாங்க. செல்கள் சட்டுனு முழிச்சுக்கிச்சு. கியூபாவின் ஹவானா பல்கலைக்கழக ஆட்கள் இன்னும் கில்லாடி. கிருமியே இல்லாம லேப்லயே சர்க்கரைச் சங்கிலியைச் செய்து, டெட்டனஸ் புரதத்தோடு சேர்த்து, 2004-ல் சயின்ஸ் இதழில் அறிவிச்சாங்க. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு ஹிப் தடுப்பு, 2011 டிசம்பரில் ஐந்து நோய்த் தடுப்பூசியில் சேர்ந்தது.

சரி, ஏத்தியாச்சு. இறக்கறது?

நம்ம செல்களின் மேலே சியாலிக் அமிலம்னு ஒரு சர்க்கரை இருக்கு. ‘நான் உங்க ஆளு’ங்கிற அடையாள அட்டை மாதிரி. ஆனா ஒத்தைச் சர்க்கரையோட பிடி ரொம்ப லூஸு. எஸ்டேட் புல்லுல நடந்தா பேன்ட்டில் அப்புமே ஒட்டுப்புல்... ஒரு முள் ஒண்ணும் பண்ணாது, நூறு சேர்ந்தா விடாது. அதனால செயற்கைப் பாலிமர் இழையில் மணி மணியா சர்க்கரையைக் கோக்கறாங்க. 2009-ல் அமெரிக்காவின் லாரா கீஸ்லிங் குழு, செல்லைச் சீண்டும் பொருளையும் சியாலிக் சர்க்கரையையும் ஒரே இழையில் மாட்டிக் காட்டினாங்க. சீறவேண்டிய பி-செல் அடங்கிப்போச்சு! அடுத்த வருஷமே இதே ஐடியா எலிகளிலும் பலிச்சது. அந்தப் பொருளைத் திரும்பக் கொடுத்தப்பவும் எலியோட உடம்பு பெரிசா எதிர்க்கலை.

ஆனா ஒரு சிக்கல். எலிக்கு எதைப் பழக்கணும்னு தெரியும். லூபஸ்லயோ உடம்பு ஒரே நேரத்துல பல பொருட்களோட மல்லுக்கு நிக்குது. எந்த மணியைக் கோக்கறது? அதனால மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க தோழி. எம்.எஸ்ஸி.க்கு பாலிமர் எடுக்கறீங்களா?