ஆரல்வாய்மொழிச் சாலையும் நமது கடமையும்

கோட்டாற்றினின்று தோவாளை, ஆரல்வாய்மொழிக் கணவாய், காவல்கிணறு வழியே திருநெல்வேலிக்குச் செல்லும் பாதை பழமையானது. 1809-இல் ஆங்கிலப் படை இக்கணவாயின் அரண்களைக் கைப்பற்றியே நாஞ்சில் நாட்டினுள் நுழைந்தது. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி இரு இராஜ்யங்களின் எல்லையாக இருந்தது. எல்லை அகன்றது, இடைத்தரகு அகன்றதா?

நம் தறித்துணியும் தோவாளை மலரும் இச்சாலையிலேயே செல்கின்றன. எனினும், தனித்தனியே மூட்டை கட்டி அனுப்புவோர், பிறர் கேட்கும் வாடகையையும் தரகர் கூறும் விலையையும் ஏற்கவேண்டியவராகின்றனர். நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் கூடி ஒரு லாரியை அமர்த்தினால் வாடகைச் சுமை குறையும். விலை பேசும் வலிமையும் கிட்டும்.

சாலை அமைப்பது சர்க்காரின் பணி; அதன் பயனைப் பெறுவது நம் பணி. அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணர்வார்களாக!