எல்லை தாண்டாத உதவித்தொகை

மாற்றுத்திறனாளி உதவித்தொகையை யார் வாங்குகிறார்கள் என்பது உடல்நிலையையும் விதிகளையும் மட்டும் பொறுத்ததல்ல. ஏற்கெனவே வாங்கும் ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும் பொறுத்தது. பிழைக்க வந்த இடத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன் வேறு இருவருடன் 2000இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் வீட்டில் பேசும் மொழியை வைத்து இதை அளந்தது. அரசு நிதியுதவியை அதிகம் பெறும் மொழிக்குழுவினர், தம் மொழிக்காரர்கள் நிறைந்த பகுதியில் வசித்தால் அதைப் பெறும் வாய்ப்பு மேலும் கூடியது. மாற்றுத்திறனாளி உதவியிலும் குடியேறியோரிடம் இதே போக்கு பின்னர் காணப்பட்டது. இனாமுக்குப் பழகிவிட்டார்கள் என்று இதற்கு அவசரப் பொருள் சொல்வோர் உண்டு. ஆனால் எந்த அலுவலகம், என்னென்ன தாள் என்று சொல்லித்தர ஆள் இருந்தாலும் இதே விளைவுதான் வரும்.

தென்காசிப் பக்கம் அப்படிச் சொல்லித்தரும் வட்டம் ஒன்று உண்டு. கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், சுற்றுக் கிராமங்களில் இறங்கி வேலை செய்கிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானதால், ஆட்சியர் அலுவலகத்துக்காகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறும் அலைச்சலும் நின்றது. மருத்துவர் சான்றில் எழுதும் சதவீதம்தான் அடுத்த படி: அறிவுசார் குறைபாட்டுக்கு 40, கடும் பாதிப்புக்கு 75 இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கேட்கலாம்.

செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு இந்த வட்டம் எல்லையோடு முடிகிறது. அங்கே சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தால், சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலேயே சான்று கேட்க விதி இடம் தருகிறது. இது தெரிந்தவர் உடன் வேலை செய்கிறவர்களில் இருந்தால் அந்தச் சான்று கிடைக்கும். இல்லையென்றால் ஊர் திரும்பி முதலிலிருந்து அலைய வேண்டும். சான்று நாடெங்கும் செல்லும், பணமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தென்காசிப் பக்கம் வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளியின் நிலை இதைவிட மோசம்: மொழியும் இல்லை, தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் இல்லை.

ரேஷன் அரிசியை ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் கேரளத்தின் கொல்லத்திலும் வாங்கலாம். உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் அப்படியோர் ஏற்பாட்டைத் தமிழ்நாடும் கேரளமும் பேசி முடிக்க வேண்டும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டையில் அதைத் தொடங்கலாம்.