சேது காசுக்கு எத்தனை மார்க்?

எங்கட ஆக்களுக்கு மார்க் எண்டால் உயிர். ஓ.எல். முடிவு வந்த அண்டைக்கு "எத்தனை ஏ?" எண்டு கேட்ட பிறகுதான் "சாப்பிட்டியா?" எண்டு கேப்பினம். ஆனபடியால் பழைய காசு சேர்க்கிற எங்கட பொடியள் 70க்கு மார்க் போடுற அமெரிக்கக் கம்பனிகளில மயங்கினது எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. பிசிஜிஎஸ் 1986இலயும் என்ஜிசி 1987இலயும் தொடங்கின கம்பனிகள். காசை அனுப்பினால் பார்த்து, தரம் போட்டு, திறக்கேலாத பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள அடைச்சுத் திருப்பி அனுப்புவினம். பெட்டிக்கு மேல ஒரு இலக்கம் இருக்கும். பிறகு காசை ஒருத்தரும் பாக்கிறேல்லை, இலக்கத்தைத்தான் பாக்கினம்.

இந்த 70 எங்கயிருந்து வந்தது? 1949இல வில்லியம் ஷெல்டன் எண்டவர் அமெரிக்காவின்ர பழைய செப்புச் சென்ட் காசுகளைப் பற்றி எழுதின புத்தகத்திலயிருந்து. தேய்ஞ்சு அடையாளம் மட்டும் தெரியிற காசுக்கு 1, அடிச்ச அண்டைக்கு இருந்தமாதிரி இருக்கிற காசுக்கு 70. அதாவது முதலாவதை விட எழுபது மடங்கு விலை எண்டது அவற்றை கணக்கு. பிறந்தபோதே அது விலைப்பட்டியல்தான். சென்ட் காசின்ர விலைகள் அந்தக் கணக்கை விட்டு ஓடிப்போய் எத்தனையோ வருசம், இலக்கம் மட்டும் அறிவியல் மாதிரி நிக்குது. 1990இல அமெரிக்காவின்ர வணிக ஆணைக்குழுவே பிசிஜிஎஸ்ஸுக்கு எதிரா வழக்குப் போட்டது. தங்கட தரப்படுத்தல் புறவயமானது, மாறாதது எண்டு கூட்டிச் சொல்லி விளம்பரம் செய்யினம் எண்டதுதான் குற்றச்சாட்டு. வழக்கு இணக்கத்தில முடிஞ்சது. இண்டைக்கும் சேகரிப்பாளர்கள் பெட்டியை உடைச்சுக் காசைத் திரும்ப அனுப்பிப் பாக்கினம், இந்தமுறை ஒரு புள்ளி கூட வருமோ எண்டு. சிலவேளை வருது! மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கிற எங்கட பிள்ளையள் மாதிரித்தான்.

சண்டை பெரிசாக வாறது ஒரு இடத்தில: அடிப்புக் குறைவா, தேய்வா? ரெண்டும் கண்ணுக்கு ஒண்டுபோலத் தெரியும். கைமாறிக் கைமாறித் தேய்ஞ்சால் மேடான இடங்கள் முதலில வழுவழுப்பாகும். சுத்தியல் சரியா விழாமலோ அச்சு பழசாகியோ உருவம் எழும்பேல்லை எண்டால், அந்த இடத்தில தகட்டின்ர பழைய சொரசொரப்பு அப்படியே கிடக்கும். ஒரு கோஷ்டி சொல்லும், பிறவியில வந்த குறைக்குக் காசைத் தண்டிக்கக்கூடாது எண்டு. மற்றக் கோஷ்டி சொல்லும், வாங்கிறவன் முழு உருவத்துக்குத்தானே காசு குடுக்கிறான் எண்டு. பிராங்கிளின் அரை டொலரில மணிக்குக் குறுக்கால போற கோடுகள் முழுசா விழுந்திருக்கோ எண்டு பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்து விலையைப் பலமடங்காக்கினம். ஆலையில யந்திரம் ஒரேமாதிரி லட்சக்கணக்கில அடிச்ச காசுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அதை நான் மறுக்கேல்லை.

ஆனால் இதே கண்ணாடியைச் சேது காசுக்குப் போட்டால்?

நல்லூரில இருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசுகள் அவை. ஒரு பக்கம் நிக்கிற மனித உருவம், மற்றப் பக்கம் படுத்திருக்கிற நந்தி, கீழ தமிழில 'சேது'. கீழ ஒரு அச்சு, நடுவில செப்பு வில்லை, மேல இன்னொரு அச்சு, சுத்தியலால ஒரு அடி. வில்லை பலநேரம் அச்சைவிடச் சின்னன். அதால ஒரு காசில நந்தியின்ர திமிலும் பிறையும் இருக்கும், எழுத்து வெளியில போயிருக்கும். இன்னொண்டில எழுத்து இருக்கும், நந்திக்குத் தலை இராது. அந்தக் காலத்தில எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இண்டைக்கு இருக்கிறமாதிரி வேற வேற கொம்பு இல்லை, ஒற்றைக் கொம்புதான். அந்தக் கொம்பு வில்லைக்கு வெளியில விழுந்திட்டால் மிஞ்சிறது 'சது'. தெரியாதவனுக்கு அது வாசிக்கேலாத கிறுக்கல். அறிஞ்சவனுக்கு அச்சு எந்தப்பக்கம் சரிஞ்சது எண்டதுக்குச் சாட்சி. வெவ்வேற பக்கம் சரிஞ்ச நாலு 'மோசமான' காசை அடுக்கினால் ஒரு முழு அச்சையே மனசில கட்டி எழுப்பலாம். தனியா ஒரு அழகான காசு அந்த வேலையைச் செய்யாது.

என்ஜிசிக்கும் இது விளங்கியிருக்கு எண்டு நினைக்கிறன். பழங்காலக் காசுகளுக்கு அவை 70 கணக்கைப் பாவிக்கிறேல்லை. அடிப்புக்கு 5க்கு ஒண்டு, மேற்பரப்புக்கு 5க்கு ஒண்டு எண்டு பிரிச்சுப் போடினம். நல்ல மாற்றம். ஆனால் எந்த மண்ணில கிடைச்சது எண்ட கேள்விக்கு அந்தப் பெட்டியில இடமில்லை.

எங்களுக்கு முக்கியம் அந்தக் கேள்விதான். ஒரு காலத்தில இந்தக் காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின்ரது எண்டு எழுதினவையும் இருந்தவை. முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் அவை யாழ்ப்பாண அரசருடையவை எண்டு வாதாடினவை. அப்படியான வழக்கில காசு எவ்வளவு வடிவு எண்டது சாட்சியே இல்லை. எங்க, எத்தனை, எதோட சேர்ந்து கிடைச்சது எண்டதுதான் சாட்சி. வட்டுக்கோட்டையிலயிருந்து சைக்கிளில போய்வரக்கூடிய கந்தரோடையைப் பாருங்கோ. நூறு வருசத்துக்கு முன்னம் போல் பீரிஸ் அங்க எடுத்த முத்திரை குத்தின காசுகளையும் லட்சுமி உருவத் தகடுகளையும் இண்டைக்கும் பேசிறம் எண்டால், அவை கந்தரோடையில கிடைச்சவை எண்டு எழுதி வைச்சதால. அழகுக்கு மார்க் போட்டிருந்தால் அதில கனக்க பெயில்.

தரப்படுத்தல் முழுக்க வீண் எண்டு சொல்ல வரேல்லை. கள்ளக் காசைப் பிடிக்கிறதில அவையளின்ர அனுபவம் பெரிசு. கழுவி மினுக்கின காசுக்கு இலக்கம் தராமல் திருப்புறதும் சரியான வேலை. எங்கட வீடுகளில செப்பைக் கண்டால் உடன புளி போட்டுத் தேய்க்கிற கை ஒண்டு இருக்கே! களிம்போட சேர்ந்து எழுத்தும் போயிடும்.

ஆனால் மார்க் எண்ட ஆசை இங்க வந்து சேரேக்க என்ன நடக்கும்? 'வடிவான' ஒண்டு இணையத்தில ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ விலைப்படும், எந்தக் காணியில கிடைச்சது எண்டு வித்தவனும் சொல்லான், வாங்கினவனும் கேளான். அரைகுறையா அடிபட்ட மற்றதுகள் பழைய செப்போட செப்பா நிறுவைக்குப் போயிடும். சட்டமும் இருக்கு: 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி இப்படியான பொருளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியில அனுப்பேலாது, கண்டெடுத்தால் அறிவிக்கவும் வேணும். தரம் பாக்கத்தானே அனுப்பினனான் எண்டு சொல்லித் தப்பேலாது.

தோட்டம் கொத்தேக்க, கிணறு இறைக்கேக்க பச்சையா ஒரு வில்லை வந்தால் கழுவாதேங்கோ. வந்த இடத்திலயே ரெண்டு பக்கத்தையும் படமெடுங்கோ. எந்தக் காணி, எவ்வளவு ஆழம், பக்கத்தில ஓட்டுத் துண்டு கிடந்ததோ எண்டு கொப்பியில எழுதுங்கோ. பிறகு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில தொல்லியல் படிப்பிக்கிறவைக்கும் காட்டுங்கோ. எழுத்து பாதிதான் தெரியுது எண்டு வெக்கப்பட்டு விட்டிடாதேங்கோ. மிச்சப் பாதி பக்கத்து வீட்டுக் காணியில கிடக்கலாம்.