ஓர் அணிக்கு மூன்று பெயர்

புனேயில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பல வீடுகளில் தமிழ் பேச்சளவில் நின்றுவிடுகிறது. இன்னுமொரு மொழிப்பாடம் சுமையாகுமே என்று தயங்கும் பெற்றோர் அணியிலக்கணத்தைச் சற்று நோக்குவாராக.

மராத்தி வகுப்பில் உபமா, ரூபக், அதிசயோக்தி எனப் பயில்வனவே தமிழில் உவமை, உருவகம், உயர்வு நவிற்சி. ஆங்கிலத்தில் இவை சிமிலி, மெட்டஃபர், ஹைபர்போலி. வேர்ச்சொல் தெரிந்தால் இப்பெயர்கள் தாமே மனத்தில் நிற்கும். 'சிமிலிஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'ஒத்தது' என்பது பொருள். கிரேக்கத்தில் 'மெட்டா' என்பது அப்பால். 'ஃபெரெய்ன்' என்பது சுமத்தல். ஒன்றன் தன்மையைச் சுமந்து சென்று மற்றொன்றின்மேல் ஏற்றுவது மெட்டஃபர். அவ்வாறே 'ஹைபர்' மேலே, 'பாலெய்ன்' எறிதல். அளவைத் தாண்டி எறிந்த பேச்சு ஹைபர்போலி. "அவள் அழுத கண்ணீர் ஆறாய் ஓடிற்று" என்று சொல்லிக் காட்டினால், மூன்று மொழிப் பெயரும் ஒருங்கே விளங்கும்.

மற்றொன்றையும் பிள்ளைகள் அறிதல் நன்று. இவ்வணிகளை வடமொழியில் 'காவியாதரிசம்' என்னும் நூலில் விளக்கிய தண்டி, காஞ்சியில் வாழ்ந்தவர். அந்நூலைத் தழுவியதே தமிழின் தண்டியலங்காரம். அது கூறும் பொருளணிகள் 35. அதற்கும் நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியம் உவமைக்கென ஓர் இயலை வகுத்திருந்தது.

ஆதலின், பிள்ளையின் மராத்திப் புத்தகத்தில் அலங்காரப் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு பெயரின் அருகிலும் தமிழ்ப் பெயரை அவர்கள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். தமிழ் படிக்கத் தனி வேளை தேட வேண்டுவதில்லை.