பொங்கி வழியுது காசு!

நேற்று போவன்பள்ளியில் நண்பர் வீட்டு விருந்து. வெண்ணெயும் மைதாவும் சம எடை போட்டு, பச்சை வாசனை போக வதக்கி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினார். அருமையான பெஷமல் வெள்ளை சாஸ். அத்தோடு விட்டாரா மனுஷன்? நாசிக் ஸ்பார்க்ளிங் ஒயினை அதில் கவிழ்த்தார்!

அய்யா, அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. கொதித்தால் போயே போச்சு. மிச்சம் புளிப்புதான், அது பாலைத் திரிக்கப் பார்க்கும். மோர்க்குழம்பை நுரை கட்டியதும் இறக்குகிற நமக்கு இது தெரியாதா?

பிரெஞ்சுக்காரர்களே பேர் ப்ளாங் சாஸுக்குச் சாதாரண வெள்ளை ஒயினைத்தான் வெங்காயத்தோடு சுண்டவைத்து, பிறகு வெண்ணெய் சேர்க்கிறார்கள். நுரைக்குத் தனிக் காசு கொடுத்து ஆவியாக்குவது, பேங்க்காரன் கணக்கில் வாராக்கடன்.

நுரையைக் குடியுங்கள், கொதிக்கவைக்காதீர்கள். என்ன நாஞ்சொல்றது?