நடைபாதையும் நிலத்தவரின் பங்கும்

நடப்பது நமக்குப் புதிதல்ல. லிந்துலைப் பகுதியில் பாடசாலைக்கும், கொழுந்து மலைக்கும், ஆஸ்பத்திரிக்கும், மரக்கறி மூட்டையுடன் சந்தைக்கும் நடந்தே பழகியவர்கள் நாம். ஆனால், நாட்டுப்புறத்தைப் பார்த்து மகிழ்வதற்காகவே நடப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். இப்போது அவர்கள் நமது மலைகளுக்கும் வருகிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் அவர்கள் நடக்கும் நிலத்தில் வாழ்பவருக்கு என்ன கிடைக்கிறது? காணியை இழந்து அதன் அருமையை உணர்ந்த நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

நம் முன்னோர் ஒல்லாந்து என்று அழைத்த நெதர்லாந்தைப் பார்ப்போம். அது பெரும்பாலும் தட்டையான நாடு. அதன் நிலத்தில் ஏறத்தாழ காற்பங்கு கடல் மட்டத்துக்கும் தாழ்வாக உள்ளது. பீம்ஸ்டர் என்னும் ஏரியைக் காற்றாலைகளால் இறைத்து வற்றச் செய்து, 1612ஆம் ஆண்டில் அதை விளைநிலமாக்கினார்கள். இத்தகைய நிலத்தில் நடப்பவருக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் பசும்புல்லும் மாடுகளும்; மறுபக்கம் வாய்க்காலும் நாணலும் சதுப்பு நிலமும். முதியவரும் சிறுவரும் ஆறுதலாக நடக்கலாம்.

அந்தப் புல்வெளி பொதுநிலம் அல்ல. அது ஒரு விவசாயியின் வாழ்வாதாரம். ஆகவே அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. கெல்டர்லாந்து, உட்ரெக்ட் ஆகிய மாகாணங்களில் ‘மரச்செருப்புப் பாதைகள்’ என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நடைபாதைகள் உள்ளன. பழைய காலத்தில் பண்ணை மக்கள் கால்நடையாகச் சென்ற வழிகளை நினைவூட்டும் பெயர் அது. விவசாயியின் சம்மதத்தோடுதான் பாதை அவருடைய நிலத்துக்குள் செல்கிறது. அதற்காக அவருக்குக் கொடுப்பனவும் உண்டு. ஊர்த் தொண்டர்கள் பாதையைப் பராமரிக்கிறார்கள். பறவைகள் முட்டையிடும் காலத்தில் சில பாதைகள் மூடப்படுகின்றன. நாயைக் கூட்டிவரப் பல இடங்களில் அனுமதியில்லை. அதாவது, நடப்பவரின் இன்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பதில் நிலத்தவரின் சொல்லுக்கும் மதிப்பு உண்டு.

நடப்பவருக்கு வழிவிடும்போது மட்டுமல்ல, ஆற்றுக்கு வழிவிட நேர்ந்தபோதும் அங்கே விவசாயிகளின் குரல் கேட்கப்பட்டது. 1995இல் வெள்ள அபாயம் காரணமாக அந்நாட்டில் ஏறத்தாழ 2,50,000 பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின், பெருவெள்ளம் பரவுவதற்கு இடம் ஒதுக்கும் திட்டத்தை அரசாங்கம் வகுத்தது. மாஸ் ஆற்றோரத்தில் உள்ள ஓவர்டீப் என்னும் தாழ்நிலமும் அதற்குள் வந்தது. அங்கிருந்த விவசாயிகள் கட்டளைக்காகக் காத்திருக்கவில்லை. மேட்டுத் திடல்களை எழுப்பி அவற்றின்மேல் பண்ணைகளை அமைக்கலாம் என்று தாங்களே ஒரு யோசனையை முன்வைத்தார்கள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டு, எட்டுப் பண்ணைகள் திடல்களின்மேல் புதிதாக எழுந்தன. ஏனையோர் அவ்விடத்தை விட்டுப் போக நேர்ந்தது. ஆகவே இழப்பே இல்லாத கதை இது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இழக்கப்போகிறவர்கள் பேச்சுவார்த்தையில் பங்குகொண்டார்கள்.

இனி நமது மலைக்கு வருவோம். கண்டியிலிருந்து நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கும் மேலாக, 22 கட்டங்களைக் கொண்ட ‘பீக்கோ’ நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. அதன் கட்டங்களில் ஒன்று பொகவந்தலாவையிலிருந்து டயகமவுக்கும், அடுத்தது டயகமவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கும் செல்கின்றன. பாதையின் பெரும்பகுதி, தேயிலைக்காக வெள்ளைக்காரர் காலத்தில் திறக்கப்பட்ட பழைய தோட்டப் பாதைகளே. அவற்றை வெட்டியவர்களும், அவற்றில் கூடை சுமந்தவர்களும் நம் பாட்டன் பாட்டிமார். இன்று அந்தப் பாதை லயன் வாசல்களைக் கடந்து செல்கிறது. ஆனால் அந்த லயன்களில் வாழும் பெரும்பாலான குடும்பங்களின் கையில் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாதவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வரும்?

தேநீர்க் கடைக்கு வியாபாரம் கிடைக்கிறதே, வழிகாட்டும் இளைஞருக்கு வேலை கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் தற்செயலாகக் கிடைக்கும் வருமானம் வேறு, உரிமையாகக் கிடைக்கும் பங்கு வேறு.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் தூரம் போக வேண்டியதில்லை. 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை மின்திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. சென்கிளேயர் அருவியில் பகல் வேளையில் தண்ணீர் விழ வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்றாயிற்று. அருவியின் அழகைக் காக்க நிபந்தனை எழுத முடியுமானால், நடைபாதை ஓரத்தில் வாழும் குடும்பங்களின் பங்கைக் காக்கவும் எழுத முடியும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, பாதை செல்லும் இடத்து மக்களைக் கூட்டி, அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசி, சம்மதம் பெற வேண்டும். இரண்டாவது, பாதையால் வரும் வருமானத்தில் ஒரு பகுதி அந்தந்த ஊரின் தண்ணீர், மலசலகூடம், பாலம் ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டும். மூன்றாவது, பயணிகளுக்காகத் திருத்தப்படும் பாதை, பிள்ளைகள் மழையிலும் வழுக்காமல் பாடசாலைக்குப் போகும் பாதையாகவும் இருக்க வேண்டும். நான்காவது, மரக்கறிப் பாத்திகளும் வீட்டு வாசல்களும் கேளாமல் நுழையும் இடங்களல்ல என்பது அறிவிக்கப்பட வேண்டும்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகள் இன்னும் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. அவர்கள் திரும்பிப் போகும் வழியும், புதிதாகக் குடியேறும் இடமும் பேசப்படும் காலம் இது. வரைபடம் நம்மைக் கேளாமலே வரையப்பட்டு முடியும்வரை காத்திருப்பது தவறு. மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் ஒரு ஞாயிறு மாலை கூடி, நமது ஊரின் பாதைகளையும் நீரூற்றுகளையும் பாத்திகளையும் சரிந்த இடங்களையும் ஒரு தாளில் நாமே குறித்து வைப்போம். பிரதேச சபையிலும் தோட்ட நிர்வாகத்திலும் பேசப் போகும்போது அந்தத் தாள் நம் கையில் இருக்கட்டும்.